பரணில் கிடந்த ரேடியோ லாரி

கரும்பு வெட்டும் காலத்தில் வடக்கனந்தல் பக்கம் போனவர்களுக்கு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குச் சுமையுடன் செல்லும் லாரிகள் பழக்கமான காட்சி. அப்படியொரு லாரி நிற்கும்போது, எட்ட நின்று அதன் பின்சக்கரத்தின் மேற்பகுதியைப் பாருங்கள். வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியிருப்பார்கள். பள்ளத்தில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்கும் வில் அது.

இதே அடுக்கு வில்லைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்து, ரேடியோ அலையால் ஓடும் ஒரு சிறு வண்டியில் பொருத்தியது ஜப்பானின் டாமியா நிறுவனம். 'புரூசர்' என்னும் அந்த வண்டி 1985 இல் வெளிவந்தது. அதில் 3 கியர்கள் உண்டு. கையில் உள்ள செலுத்தியிலிருந்தே அவற்றை மாற்றலாம். 2012 இல் அதே வண்டியை நிறுவனம் மீண்டும் தயாரித்தது. இப்படிப்பட்ட பழைய வண்டிகளைச் சீர்செய்து ஓட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

பரணில் பல்லாண்டு கிடந்த ஒரு ரேடியோ வண்டி உங்களுக்குக் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? புது பேட்டரி போட்டு ஸ்விட்சைத் தட்டுவீர்கள், இல்லையா? அதைத்தான் செய்யக்கூடாது. ஓடித் தேய்ந்து கெட்ட வண்டிகள் உண்டுதான். ஆனால் உள்ளேயே மறந்துவிட்ட பேட்டரி கசிந்து கெட்டவை ஏராளம்.

பேட்டரி அறையைத் திறந்தால் தகடுகளின்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது எப்பொருள் என்று தெரியாமல் துடைக்க முற்படலாகாது. அல்கலைன் செல்லிலும் நிக்கல்-காட்மியம் செல்லிலும் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுமையான காரம். கசிந்ததும் அது காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாகிறது. டார்ச் விளக்கில் போடும் சாதாரண துத்தநாக-கார்பன் செல்லில் இருப்பவையோ அம்மோனியம் குளோரைடு, துத்தநாகக் குளோரைடு போன்ற உப்புகள். இவற்றின் கரைசல் அமிலத் தன்மையுடையது.

இரண்டையும் பிரித்தறிய நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. மஞ்சள் தூளை நீரில் குழைத்து, மை ஒற்றும் தாளில் பூசிக் காயவையுங்கள். தாளை ஒரு கீற்றாக வெட்டி, நனைத்து, இடுக்கியால் பிடித்து அந்தப் பூப்பின்மேல் ஒற்றுங்கள். செம்பழுப்பாக மாறினால் காரம். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்கி அடங்கும். பொங்கி வருவது கரியமில வாயு. தாள் மஞ்சளாகவே இருந்தால் ஆப்பச்சோடாக் கரைசலைத் தொட்டுத் துடைக்க வேண்டும். பின்பு காய்ச்சி வடித்த நீரால் துடைத்து நன்கு உலரவிடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், கண்ணுக்குக் காப்பு அவசியம். காட்மியம் நஞ்சு. ஆகவே அந்தச் செல்லை உடைப்பதோ எரிப்பதோ கூடாது.

கத்தியால் சுரண்டினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். மாணவப் பருவத்தில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை நான் அப்படித்தான் 'சுத்தம்' செய்தேன். நிக்கல் முலாம் போய், மறு மாதமே தகடு துருவேறிவிட்டது.

அடுத்தது மின்னோடி. கார் முகப்பு விளக்கின் 12 வோல்ட் பல்பு ஒன்றை மின்னோடியுடன் தொடர் இணைப்பில் சேர்த்து, 7.2 வோல்ட் கொடுங்கள். மின்னோடி சுழன்றால் பல்பு மங்கலாகத் தெரியும். அது சுழலாமல் பல்பு மட்டும் பளிச்சென்று எரிந்தால், மின்னோடி இறுகியிருக்கிறது அல்லது உள்ளே குறுக்குச் சுற்று இருக்கிறது என்று பொருள். பல்பு மின்தடையாக நின்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால், எதுவும் கருகுவதற்கு முன்பே பழுது தெரிந்துவிடுகிறது.

திசை திருப்பும் பகுதியின் செயலும் சுவையானது. செலுத்தி விநாடிக்குச் சுமார் 50 தடவை ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்பு 1.5 மில்லி செகண்டு நீடித்தால் சக்கரம் நேராக நிற்கும். 1 மில்லி செகண்டாகக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 ஆகக் கூடினால் மறுபக்கமும் திரும்பும். சக்கரம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை உள்ளேயுள்ள ஒரு சிறு மாறும் மின்தடை சொல்லும். அதன் கரித்தடம் தேய்ந்தால் சக்கரம் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும். பழைய ரேடியோவில் ஒலித் திருகைத் திருப்பும்போது கரகரவென்று கேட்குமே, அதே நோய்தான்.

எல்லாம் சரியாகியும் வண்டி அசையவில்லையா? படிகங்களைப் பாருங்கள். செலுத்தியிலும் ஏற்பியிலும் ஆளுக்கொரு குவார்ட்ஸ் படிகம் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலிருந்தாலும் அவை வேறு. செலுத்தியில் 27.145 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏற்பியில் 26.690 இருக்கும். இந்த 0.455 வேறுபாட்டைக் கொண்டுதான் ஏற்பி தனக்குரிய அலையைப் பிரித்தெடுக்கிறது. யாரோ கழற்றி இடம் மாற்றிப் போட்டிருந்தால், சரியான இடங்களில் செருகுவதே போதும். ஏற்பியிலிருந்து வால்போல் தொங்கும் கம்பியை மட்டும் அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அந்தச் சிறு கம்பியே அதைப் பிடிக்கத் திணறிக்கொண்டிருக்கிறது.