நீர்க்குடியின் கதை எழுதும் மகளுக்கு

வல்லம்,
செஞ்சி வட்டம்.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய அத்தியாயங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பெரியம்மா பாதிவரை தானே படித்தாள். கண் வலிக்கிறது என்றதும் மீதியை நான் வாசித்துக் காட்டினேன். நம் வீட்டிலிருந்து ஒரு பெண் நாவல் எழுத உட்கார்ந்திருக்கிறாள் என்பதில் எங்கள் இருவருக்கும் உள்ள சந்தோஷத்தை எழுதி முடியாது.

எங்கும் நிலையாகத் தங்காமல் ஏரி ஏரியாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு குடியைக் கற்பனையில் படைத்திருக்கிறாய். தண்ணீர் ஓரத்தில் பிறக்கிறார்கள், தண்ணீரையே கும்பிடுகிறார்கள், தண்ணீர் வற்றினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நடை அழகாக வந்திருக்கிறது. ஆனால் உன் மக்களில் ஒருவருக்கும் கடன் இல்லை, பாப்பா. அவர்கள் இறங்குகிற ஏரிக்கு உரிமை கொண்டாட ஆள் இல்லை. "யாரைக் கேட்டு இங்கே குடிசை போட்டாய்?" என்று ஊரிலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை. தண்ணீரை அண்டிப் பிழைக்கும் மக்களுக்கு அப்படி ஒரு வாழ்வு எங்கே வாய்த்திருக்கிறது? இந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை நீளக் கடிதம்.

கடலில் அலையும் குடிகளைப் பற்றி நீ படித்திருப்பாய். பர்மா, தாய்லாந்துக் கடலோரத் தீவுகளில் மோக்கன் என்று ஒரு மக்கள். கோடையில் 'கபாங்' என்ற படகிலேயே குடும்பம் நடத்தி, மழைக்காலத்தில் கரையேறிக் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தண்ணீருக்கடியில் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு தெளிவாகக் கண் தெரிகிறது என்று அன்னா கிஸ்லேன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 2003-இல் எழுதினார். நீருக்குள் அந்தப் பிள்ளைகளின் கண்மணி சுருங்கிக் கொடுக்கிறது. பிறகு ஐரோப்பியப் பிள்ளைகளையும் பழக்கிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் வந்துவிட்டது. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்து பஜாவ் மக்கள் மூச்சை அடக்கி முங்கி மீன் குத்துகிறவர்கள். அவர்களுடைய மண்ணீரல், பக்கத்து ஊர் உழவர்களுடையதைவிட ஏறக்குறைய பாதி அளவு கூடுதலாகப் பெருத்திருப்பதை 2018-இல் கண்டுபிடித்தார்கள். 2004 சுனாமியின்போது கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும் என்ன வரப்போகிறது என்று புரிந்துகொண்டு மேட்டுக்கு ஏறித் தப்பித்தார்கள் தாய்லாந்தின் சுரின் தீவுகளின் மோக்கன்கள்.

இவ்வளவு அறிவும் தேகப் பழக்கமும் உள்ள அந்த மக்களில் பலருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. 2024 ஜூன் மாதம் மலேசியாவின் சபா மாநிலத்தில், செம்பூர்ணா கடற்பகுதியில் பஜாவ் லாவுத் மக்களின் வீடுகளை அதிகாரிகளே இடித்துத் தள்ளினார்கள். அவர்கள் எப்படி நீந்துகிறார்கள் என்பதை வைத்து நீ ஓர் அத்தியாயம் எழுதினால், வீடு இடிபட்ட மறுநாள் எங்கே சமைத்தார்கள் என்பதற்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நீ சின்ன வயதில் லீவுக்கு இங்கே வரும்போது ஏரிக்கரையில் குடிசைகளைப் பார்த்திருப்பாய். இருளர்கள். நம் பக்கத்தில் வில்லியர் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருப்பது ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர். 2011 கணக்கெடுப்பின்படி இருளர் மட்டுமே ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். காடு பறிபோன பிறகு சமவெளிக்கு இறங்கி, யாருடைய பட்டாவிலும் வராத இடமாகப் பார்த்து ஒதுங்கினார்கள். அப்படிப்பட்ட இடம் நம் ஊர்ப்பக்கத்தில் ஏரிக்கரையும் ஓடைப் புறம்போக்கும்தான். உன் நாவலில் வருவதுபோல நீரின் மேல் உள்ள ஆசை மட்டும் அவர்களைக் கரைக்குக் கொண்டுவரவில்லை.

ஆனால் ஆசை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சித்திரை, வைகாசியில் ஏரி வற்றி முழங்கால் தண்ணீருக்கு வரும்போது வந்து பார். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பெண்கள் சேற்றுத் தண்ணீரில் குந்தியபடியே இரண்டு கையையும் அகல விரித்து, தரையைத் தடவிக்கொண்டு மெல்ல நெருக்கி வருவார்கள். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. முகம் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், வாய் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருக்கும். விரல் பட்ட நொடியில் கெண்டையா, குரவையா, விராலா என்று கைக்குத் தெரிந்துவிடும். கெளுத்தியானால் முள்ளை ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கை கடுத்துப்போகும். விரால் சேற்றில் புதையும், அவசரப்பட்டால் வழுக்கும். நண்டு வளை, நத்தை எல்லாம் போகிற போக்கில். பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து இருளர்கள் அலையாத்திக் காட்டின் உப்பங்கழியில் இதே முறையில் இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு தண்ணீரில் நகர்வார்கள். மணிக்கணக்காக நீரில் ஊறி விரல் நுனி எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். உன் கதையில் மீன் பிடிக்கிற இடம் வரும்போது "வலையை வீசினான்" என்று ஒரு வரியில் போய்விட்டாய். அந்த இடத்தில் நில். கையை எழுது.

ஏரி மீனை ஏலம் விடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியுமல்லவா? குத்தகை எடுத்தவர் வலை போட்டு அள்ளிய பிறகு, சேற்றில் மிஞ்சியதுதான் இந்தப் பெண்கள் கைக்கு வரும். குத்தகைக்காரர் நல்லவரானால் கண்டுகொள்ள மாட்டார். இல்லையென்றால் பறியோடு பிடுங்கிக்கொள்வார். உன் நாவலுக்கு ஒரு குத்தகைக்காரர் கட்டாயம் வேண்டும். அவரைக் கெட்டவராகவே எழுத வேண்டாம். அவரும் ஏலத்தில் கட்டிய பணத்தை எடுக்க வேண்டியவர்.

தண்ணீர் இல்லாத மாதங்களில் என்ன செய்வார்கள் என்பதையும் நீ யோசிக்கவில்லை. நெல் அறுத்த கழனியில் வரப்பைத் தட்டிப் பார்த்து எலி வளை கண்டுபிடிப்பார்கள். மற்ற வாய்களை மண்ணால் அடைத்துவிட்டு, ஒரு வாயில் சட்டி வைத்துப் புகை ஊதுவார்கள். எலியும் கிடைக்கும், எலி உள்ளே சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். பாம்பு பிடிக்கிறவர்கள் ஒரு பொந்தின் வாயைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா என்று சொல்வார்கள். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்ட பிறகு, 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்து போவது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

அடுத்தது, ஊர் ஊராகப் போவது. உன் குடி நிலவைப் பார்த்துக் கிளம்புகிறது. நம் இருளர்கள் கிளம்புவது முன்பணம் கொண்டுவரும் மேஸ்திரியைப் பார்த்து. செங்கல் சூளை, கரும்பு வெட்டு, சவுக்கு வெட்டு, அரிசி ஆலை. ஒரு கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய சில ஆயிரம் ரூபாய்க்காகக் குடும்பத்தோடு போவார்கள். கணக்கு மட்டும் தீராது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களைக் கோட்டாட்சியர்கள் மீட்டு வந்த செய்தி எத்தனை தடவை பத்திரிகையில் வந்திருக்கிறது! மழை பிடித்தால் சூளை நிற்கும், குடும்பம் கரைக்குத் திரும்பும். அதற்குள் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பெயரை நீக்கியிருப்பார்கள். நாடோடி வாழ்க்கை என்று நாம் அழகாகச் சொல்கிறதில் பாதி இப்படி நடப்பது.

இனி, நீ மிகவும் ஆசைப்பட்டு எழுதியிருக்கும் நீர் வழிபாடு. இங்கேதான் உன் கற்பனையைவிட நிஜம் பெரியதாக இருக்கிறது. மாசி மகத்துக்கு முந்தின நாளிலிருந்தே இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து சேருவார்கள். நம் விழுப்புரம் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். கழியை நட்டு, புடவையைச் சுற்றிக் கட்டினால் வீடு. இரவெல்லாம் அடுப்பு எரியும், பேச்சு ஓயாது. அவர்களுடைய கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம்; வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் எல்லாரும் கூடிவந்து அவளைச் சமாதானப்படுத்திக் கரைக்கு அழைக்கிறார்கள். விடிகிற நேரத்தில் அலை நாக்கு வந்து தொடும் இடத்தில் ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டுவார்கள். படிக்கு மஞ்சள், குங்குமம், பூ. முன்னால் பொரி, வெற்றிலை, பழம், தேங்காய். சாமி வந்தவர் குறி சொல்வார். பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேயே. போன வருஷம் பேசி முடித்த பெண்ணுக்கும் பையனுக்கும் இந்த வருஷம் அந்த மணற்படி முன்னால் தாலி கட்டுவார்கள். மண்டபம் இல்லை, ஐயர் இல்லை. கல்யாணம் முடிந்த கொஞ்ச நேரத்தில் அலை வந்து படியைக் கரைத்துக்கொண்டு போகும்.

வருஷம் முழுக்க ஆளுக்கொரு சூளையிலும் தோப்பிலும் சிதறிக் கிடக்கிறவர்கள் அண்ணன் தம்பியைப் பார்ப்பதும், சண்டையைத் தீர்ப்பதும், சாவுச் செய்தி கேட்டு அழுவதும் அந்த ஓர் இரவில். கோயில் கட்டி வைத்துக்கொள்ள நிலம் இல்லாத மக்களுக்குக் கடல் கோயிலாக இருக்கிறது. அதை வெறும் திருவிழாவாக எழுதிவிடாதே.

செஞ்சிக்கோட்டையை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இங்கே எல்லாரும் மகிழ்ந்தோம். 1677-இல் சிவாஜி வந்ததும் 1714-இல் தேசிங்கு ராஜன் மாண்டதும் பிள்ளைகள் வாயில் தலைகீழ்ப் பாடம். கோட்டைக்குள் செட்டிக்குளம், சக்கரக்குளம் எல்லாம் யார் வெட்டினார்கள் என்று கேட்டால் ராஜாக்கள் பெயரைச் சொல்வார்கள். இந்த மலைகளைச் சுற்றிப் பாம்பும் தேனும் கிழங்கும் தெரிந்து வாழ்ந்தவர்களைப் பற்றி அந்தச் சரித்திரத்தில் ஒரு வரி கிடையாது. நாவல் எழுதுகிறவளுக்கு அந்த வரியை எழுதும் வாய்ப்பு இருக்கிறது. 'ஜெய் பீம்' படம் வந்தது 2021-இல். அதற்கு அடிப்படையான 1993 வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பம் குறவர் சமூகத்தைச் சேர்ந்தது. படத்தில் இருளர்களாக மாற்றினார்கள். கதைக்காரர் கை வைத்தால் உண்மை இப்படி இடம் மாறும் என்பதையும், ஒரு கதை நாட்டையே திரும்பிப் பார்க்கவைக்கும் என்பதையும் நீ ஒருசேர நினைவில் வைத்துக்கொள்.

காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் தர வேண்டும். அப்பனுக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்பன் பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவன். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தால் கரைக் குடிசைக்கு முதலில் நோட்டீஸ் வருகிறது. ஏரியை ஒட்டியே இருந்தும் குடிதண்ணீர்க் குழாய் இல்லாத குடியிருப்புகள் உண்டு. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சான்றுக்காகவும் பட்டாவுக்காகவும் பொய் வழக்குக்கு எதிராகவும் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். ஒரு சாதிச் சான்றுக்காகப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் தாயை உன் கற்பனை ஊரில் எந்த உருவத்தில் வைப்பாய் என்று யோசி. உன் குடிக்கு வேறு பெயர் வைத்துக்கொள், வேறு சாமி கொடு, வேறு மொழி கொடு. அது உன் உரிமை. ஆனால் அவர்களுக்கு ஒரு பக்கத்து ஊரையும் ஒரு கடனையும் ஓர் அதிகாரியையும் கொடு.

அவர்களிடம் கேட்டு எழுதும்போது சில விஷயம். சாமி வந்து பாடுகிற பாட்டைப் பதிவு செய்து அப்படியே நாவலில் போடாதே. அது அவர்கள் அம்மனிடம் பேசுகிற பேச்சு. மருந்து மூலிகையின் பெயரை அச்சில் ஏற்றுமுன் கேள். பெரியவர்களை "அவன், இவன்" என்று ஊர்க்காரர்கள் பேசுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. உன் பேனாவிலும் வாயிலும் அது வரக்கூடாது. எழுதியதை முதலில் அவர்கள் வீட்டுப் படித்த பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல். இப்போது காலேஜ் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்களைப் பற்றித் தாங்களே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கு உன் புத்தகம் அவர்கள் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும்.

வருகிற மாசி மகத்துக்கு நம் பக்கத்துக் குடும்பங்களோடு மாமல்லபுரம் போகலாமா என்று கேட்டு வைத்திருக்கிறேன், வரச் சொல்லியிருக்கிறார்கள். கேமராவை வைத்துவிட்டு வா. கூட உட்கார்ந்து சாப்பிடு, அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடு, இரவு மணலில் படு. அதன் பிறகு முதல் அத்தியாயத்திலிருந்து திரும்ப எழுது.

அன்புடன்,
பெரியப்பா