பானையோடுகள் பேசும் எகிப்து

முன்னுரை

எகிப்து என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை பிரமிடுகளும், மம்மிகளும், பொன் முகமூடி அணிந்த துட்டன்காமனும்தான். யோசேப்பு அந்நாட்டுக்கு அடிமையாக விற்கப்பட்டதையும், மாதாவும் சூசையப்பரும் குழந்தை இயேசுவுடன் அங்கே அடைக்கலம் புகுந்ததையும் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் அந்நாட்டின் சாதாரண மக்கள் என்ன உண்டார்கள்? எப்படி உழைத்தார்கள்? எதற்காக வருந்தினார்கள்? இவற்றை மன்னர்களின் கல்லறைகளைவிட ஏழைகளின் உடைந்த பானையோடுகளே நமக்கு அதிகம் சொல்கின்றன.

நைல் தந்த வாழ்வு

எகிப்தின் பெரும்பகுதி பாலைவனம். நைல் நதியின் இரு கரைகளிலும் அதன் கழிமுகத்திலும்தான் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். பண்டைக்காலத்தில் ஆண்டுதோறும் வெள்ளம் வந்து வண்டல் மண்ணைப் பரப்பிச் சென்றது. ஆகவே அவர்கள் ஓராண்டை வெள்ளக் காலம், விதைப்புக் காலம், அறுவடைக் காலம் என நான்கு நான்கு மாதங்களாகப் பிரித்தனர். ரொட்டி, வெங்காயம், மீன், வாற்கோதுமை பீர் ஆகியவை எளியோரின் உணவு. அஸ்வான் உயர் அணை 1970இல் கட்டி முடிக்கப்பட்டது. அவ்வணை எழுந்தபின் அந்த ஆண்டு வெள்ளம் நின்றுவிட்டது.

சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் எழுந்த கீசாவின் பெரிய பிரமிடை அடிமைகள் கட்டினர் என்று பலர் எண்ணினர். ஆனால் 1990இல் அதன் அருகிலேயே அதைக் கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. மன்னனின் கல்லறைக்குப் பக்கத்தில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்ட அவர்களை அடிமைகள் எனக் கூற முடியுமா?

குப்பையில் கிடைத்த வரலாறு

நைல் நதியின் மேற்குக் கரையில் தெய்ர் எல் மதீனா என்னும் சிற்றூர் இருந்தது. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்துடன் அங்கே வாழ்ந்தனர். பப்பைரஸ் தாள் விலை மிகுந்தது. ஆகவே நாம் சிலேட்டைப் பயன்படுத்தியதுபோல அவர்கள் பானையோட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதினர். ஊருக்கு வெளியே குப்பை நிறைந்த ஒரு பெருங்குழியில் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கணக்கு, கடிதம், வழக்கு, மாணவர் எழுதிப் பழகிய பாடம் எல்லாம் அவற்றில் உண்டு!

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல், சுமார் 3,250 ஆண்டுகளுக்கு முந்தைய வருகைப் பதிவேடு. வேலைக்கு வராதவர் பெயரும் காரணமும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்குக் கண் நோய். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவர் பீர் காய்ச்சச் சென்றுவிட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் பணிபுரியும் நம் தந்தையர் இதைப் படித்தால் புன்னகை செய்வார்கள் அல்லவா?

அவர்களுக்குக் கூலி தானியமே. மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் கூலி தாமதமானபோது பசி பொறுக்காமல் கருவிகளை வைத்துவிட்டு வெளியேறிக் கோயிலருகே அமர்ந்துவிட்டனர். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர். அது நடந்தது கி.மு. 12ஆம் நூற்றாண்டில்!

சொத்துரிமை பெற்ற பெண்

தோழியரே, அவ்வூரில் நௌனக்தே என்ற மூதாட்டி இருந்தார். எட்டுப் பிள்ளைகளின் தாய். முதுமையில் தம்மைக் கவனியாத பிள்ளைகளுக்குத் தம் சொத்தில் பங்கில்லை என்று சாட்சிகள் முன் உயில் எழுதினார். நம் நாட்டில் இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமை தரும் வாரிசுச் சட்டம் 1956இல்தான் வந்தது என்பதை எண்ணினால் அம்மூதாட்டியின் துணிவும் அந்நாட்டு வழக்கமும் வியப்பைத் தருகின்றன.

இவற்றையெல்லாம் நம்மால் படிக்க முடிவது எப்படி? 1799இல் கிடைத்த ரொசெட்டா கல்லைக் கொண்டு 1822இல் சம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் எகிப்திய எழுத்தின் புதிரை விடுவித்தார். அதற்கு அவருக்குக் கைகொடுத்தது காப்டிக் மொழி. பண்டைய எகிப்திய மொழியின் கடைசி வடிவமான அது, இன்றும் எகிப்துக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் ஒலிக்கிறது. ஒரு மொழியின் செபங்கள் அதன் வரலாற்றையே காத்துவிட்டன!

செங்கடற்கரையில் தமிழ்

எகிப்தின் பானையோடுகள் நம்மைப் பற்றியும் பேசுகின்றன. செங்கடற்கரையில் உள்ள குசைர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் 1978 முதல் நடந்த அகழாய்வில், தமிழ்ப் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. பின்னர் அங்கே கிடைத்த மற்றோர் ஓட்டில் ‘பானை ஒறி’ என்று இருந்தது. இது ‘உறி’யைக் குறிக்கும் என அறிஞர் ஐராவதம் மகாதேவன் விளக்கினார். தயிரையும் வெண்ணெயையும் நம் பாட்டிமார் தொங்கவிட்ட அதே உறிதான்! பூனையைத் தெய்வத்தின் வடிவாக வணங்கிய நாட்டுக்குப் போயும் தமிழன் உறியை மறக்கவில்லை!

பெரெனிகே என்ற மற்றொரு துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் புதைத்திருந்த இந்தியப் பானையில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்தவர்களின் சுவடுகள் இவை. கணன் யார், அவன் திரும்பி வரும்வரை கரையில் காத்திருந்த தாய் யார் என்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அவன் பெயரை நமக்குக் காத்துத் தந்தது ஒரு பானையோடு மட்டுமே.

முடிவுரை

நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூரிலும் அகழாய்வில் உறைகிணறும் பழைய பானையோடுகளும் வெளிப்பட்டன. பூந்தமல்லி முதல் ஆவடி வரை வயல்களும் ஏரிக்கரைகளும் நாள்தோறும் மனைகளாக மாறி வருகின்றன. அஸ்திவாரம் தோண்டும்போது வரும் பழைய ஓடுகளைக் குப்பை என்று லாரியில் ஏற்றிவிடுகிறோம். அது யாருடைய பெயரோ, யாருடைய கணக்கோ! அப்படி ஏதேனும் கண்ணில் பட்டால், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியர் வழியே தொல்லியல் துறைக்குத் தெரிவிப்போம். பிரமிடு கட்டும் வலிமை நமக்கு வேண்டாம். ஓர் ஓட்டைக் குனிந்து பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு