கைப்பேசிப் பாடம்: பக்கம் சீக்கிரம் திறக்க ஒரு வழி



திட்ட விவரமோ செய்தியோ படிக்கலாம்னு இணையப் பக்கத்தைத் திறக்கிறோம். பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவுல விளம்பரம் ஆடும். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு" என்று ஒரு பெட்டி வந்து மறைக்கும். நாம் காசு கொடுத்துப் போட்ட டேட்டா இதிலேயே கரையுது.

காரணம் என்ன?
எழுத்து, படத்தோடு ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைகளும் சேர்ந்து இறங்குகின்றன. இவற்றை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995-ல் உருவானது. படிவம் நிரப்ப, கணக்குப் பார்க்க இது தேவை. ஆனால் விளம்பரத்தை இழுத்து வருவதும், நாம் எதைப் பார்க்கிறோம் என்று கவனிப்பதும் பெரும்பாலும் இதுதான். வெறுமனே படிக்க, பல பக்கங்களுக்கு இது வேண்டியதில்லை.

எப்படி நிறுத்துவது?
1. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோம் திறந்து, மூன்று புள்ளியைத் தொடவும்.
2. செட்டிங்ஸ், அதில் சைட் செட்டிங்ஸ் போகவும்.
3. ஜாவாஸ்கிரிப்ட் என்பதை அணைக்கவும்.

கவனம்!
சில பக்கங்கள் வெறுமையாக வரும். வங்கி, விண்ணப்பம், டிக்கெட் வேலைக்கு மறுபடியும் போட்டுவிட வேண்டும். பணம் அனுப்பும் செயலிகளை இது பாதிக்காது. இதனால் மோசடி எல்லாம் நின்னுடும்னு நினைக்கக் கூடாது. ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்கவும்.

கூட்டத்தில் செய்து பார்ப்போம்
ஒரே பக்கத்தை இரண்டு கைப்பேசியில், ஒன்றில் அணைத்தும் மற்றதில் அணைக்காமலும் திறப்போம். எது முதலில் வருது? எதில் நிம்மதியாகப் படிக்க முடியுது? பேசி முடிவு செய்வோம்.