இருட்டும் மோப்பமும்: வேட்டை நாய்களைப் பற்றிய சில நம்பிக்கைகள்

திருப்பூர், பல்லடம், காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் நாய் வளர்ப்போரிடையே இரவு வேட்டையைக் குறித்து வழங்கிவரும் கருத்துகளுள் பல, நாயின் மூக்கைப் பற்றியவை போலத் தோன்றினாலும் உண்மையில் டார்ச் விளக்கையும் காற்றையும் நாயின் மூச்சையும் பற்றியவை. எல்லாவற்றையும் மோப்பத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவதால் குழப்பம் நேர்கிறது.

நம்பிக்கை: சிப்பிப்பாறையும் கன்னியும் இருட்டில் மோப்பத்தாலேயே முயலைப் பிடிக்கின்றன.

இவ்விரண்டும் பார்வை வேட்டை நாய்கள். அதாவது, ஓடும் இரையைக் கண்ணால் கண்டு வேகத்தால் எட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கப்பட்டவை. ஒடுங்கிய நீள்முகமும் ஆழ்ந்த மார்புக்கூடும் ஒட்டிய வயிறும் ஓட்டத்துக்கான உடலமைப்பைக் காட்டுகின்றன. அவற்றுக்கும் நல்ல மூக்கு உண்டு என்றாலும், தரையை முகர்ந்தபடி ஒரே தடத்தில் நெடுந்தூரம் செல்லும் பொறுமைக்காக அவை தேர்ந்தெடுக்கப்படவில்லை. இரவில் முயல் சிக்குவதற்குக் காரணம், டார்ச் ஒளி கண்ணில் பட்டதும் அது திகைத்து நின்றுவிடுவதும், அதே ஒளியில் நாய் அதைக் கண்டுகொள்வதுமே; நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால் மங்கலான வெளிச்சமே அதற்குப் போதுமானதாகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய இனங்களை மத்திய அரசின் விலங்கு மரபணு வள நிறுவனம் பதிவு செய்திருப்பதை விற்பனையாளர்கள் மோப்பத்துக்கான சான்றாகவும் காட்டுவதுண்டு. அந்தப் பதிவு இனத்துக்குத்தானே தவிர மூக்குக்கு அன்று.

நம்பிக்கை: துப்பாக்கி இல்லாமல் நாயை மட்டும் விட்டால் அது வேட்டை ஆகாது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம் கொல்வதோடு நிற்பதில்லை. நாயை விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, கலைத்து ஓட்டுவது, இரை காட்டி இழுப்பது ஆகியவற்றோடு, இவற்றுக்கான முயற்சியும் அதில் அடங்கும். ஆகவே கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) முயலைத் துரத்தவிட்டு நாயைப் ‘பழக்குவது’, ஒரு முயலும் சாகாத இரவிலும் குற்றமே.

நம்பிக்கை: லேப்ரடார் வீட்டுக்குத்தான் சரி, வேட்டைக்கு ஆகாது.

துப்பாக்கி வேட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட நாய் வகைகளுள் லேப்ரடாரும் ஒன்று. பதுங்கியிருக்கும் பறவையை முகர்ந்தறிந்து நின்று காட்டுபவை, கிளப்பிவிடுபவை, சுடப்பட்டு விழுந்ததைப் பல் படாமல் கவ்வி வருபவை என அவ்வகையில் வேலைப் பிரிவு உண்டு. லேப்ரடார் கவ்வி வரும் பிரிவைச் சேர்ந்தது. இவ்வகை நாய்களின் வேலை பெரும்பாலும் பகலிலும், நீர்ப்பறவைகள் இடம்பெயரும் அந்தி நேரத்திலும் முடிந்துவிடும். முழு இருட்டில் மோப்பத்தால் இரையைத் தொடர்ந்து மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைப்பது அமெரிக்காவின் ரக்கூன் வேட்டை நாய்களுக்கு உரிய மரபு. துப்பாக்கி வேட்டை அற்றுப்போன தமிழகத்தில் லேப்ரடாரின் மூக்கு காவல் துறையின் வெடிபொருள் சோதனைக்குப் பயன்படுகிறது என்பதைப் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் அதைக் கண்டவர்கள் அறிவர்.

நம்பிக்கை: இருட்டினால் மோப்பம் கூர்மையாகிறது.

இஸ்ரேலில் இரித் கசித், ஜோசப் டெர்கெல் ஆகிய இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வெடிபொருள் தேடும் நாய்கள் வெளிச்சத்திலும் ஏறத்தாழ முழு இருட்டிலும் ஒரே அளவு திறனோடு வேலை செய்தன. வெளிச்சம் இருந்தபோதும் அவை மூக்கையே நம்பின. அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நடைமுறைக்கு இன்னும் நெருக்கமானது: கடும் ஓட்டத்துக்குப் பின் மூச்சிரைக்கும் நாயின் தேடும் திறன் குறைகிறது. வாயால் இரைக்கும் நாயால் மூக்கால் முறையாக முகர முடியாது. நாய்க்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் வசதி மிகக் குறைவாதலால், சித்திரை வெயிலில் அது முகர்வதை விட்டு இரைக்கத் தொடங்கிவிடுகிறது. இரவில் நாய் நன்றாக வேலை செய்வதற்கு ஒரு காரணம் அந்நேரத்துக் குளிர்ச்சி.

காற்றின் பங்கும் இதற்குக் குறைந்ததன்று. பகலில் சூடேறிய தரையிலிருந்து காற்று மேலெழும்போது வாசனையும் உடன் எழுந்து கலைகிறது. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் வாசனை தாழ்வாகவே தங்குகிறது, ஈரம் இருந்தால் இன்னும் நீடிக்கிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் பாயும் காற்று, பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றுவது போலவே வாசனையையும் சிதறடிக்கும் என்பதால், அப்பருவத்து இரவு குளிர்ந்திருந்தாலும் மோப்பத்துக்கு உகந்ததன்று. மேலும், காங்கேயத்து மேய்ச்சல் நிலங்களைச் சுற்றியுள்ள கிளுவை வேலியின் அடியில், காற்று கொண்டுவந்த வாசனை ஒதுங்கித் தேங்குவதுண்டு. அப்போது நாய், ஆள் நடந்த தடத்தை விட்டு வேலியோரமாகவே செல்லும். உடன் செல்பவர் அதைத் தவறென்று எண்ணிக் கயிற்றை இழுத்தால், சரியாக வேலை செய்த நாய்க்கே தண்டனை கிடைத்ததாகிவிடும்.

இருட்டு மோப்பத்தை மாற்றாததால், மோப்ப நாயின் இரவுப் பயிற்சியும் பகலிலேயே தொடங்குகிறது. பழக்கமான ஒருவரை நடக்கவிட்டு, நாய்க்குக் கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப்பட்டை மாட்டி, நீண்ட கயிற்றில் அத்தடத்தைத் தொடரச் செய்து, முடிவில் பந்தோ தீனியோ தந்து, பின்னர் தடத்தின் நீளத்தையும் வயதையும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. தடத்தைப் பிழையின்றித் தொடரும் நாய்க்கு இருட்டு ஒரு தடையாவதில்லை, தடுமாறுபவர் பெரும்பாலும் கயிற்றைப் பிடித்திருப்பவரே. நார்வே ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள், 20 நிமிடத்துக்கு முன் பதிந்த தடத்திலும் சில காலடிகளை மட்டும் முகர்ந்து, 3 முதல் 5 விநாடிகளில் நடந்தவர் சென்ற திசையை முடிவு செய்தன.

நம்பிக்கை: பட்டினி போட்டால் மூக்கு வேலை செய்யும்.

பசித்த நாய் தீனிக்காக ஆர்வம் காட்டுவதை மோப்பத்தின் கூர்மை என்று கொள்வது பிழை. வாசனை மூலக்கூறுகள் மூக்கின் உட்புற ஈரத்தில் கரைந்த பின்னரே உணரப்படுவதால், நாய்க்கு முதலில் வேண்டியது தண்ணீர்.

நம்பிக்கை: மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டால் அது தோற்றுவிட்டது.

திருட்டுச் செய்திகளின் கடைசி வரியாக அன்றாடம் அச்சாகும் இத்தொடர் பெரும்பாலும் ஒரு தகவலையே தருகிறது: நடந்து வந்தவர் அவ்விடத்தில் வண்டியேறியிருக்கலாம். திருடர்கள் தூவிவிட்டுப் போகும் மிளகாய்ப்பொடியும் நாயைத் தும்மவைக்குமே தவிர அதற்கு அப்பால் உள்ள தடத்தை அழிப்பதில்லை. பொடி கிடக்கும் இடத்தை விலக்கி நாயை வட்டமாகச் சுற்றவிட்டுத் தடத்தை மீண்டும் பிடிக்கச் செய்யலாம். இதற்கு மறுகோடியில், நாய் ஒருவரிடம் போய் நின்றால் அவரே குற்றவாளி என்று முடிவு கட்டுவோரும் உள்ளனர். நாயைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பது உள்ளிட்ட மறுப்புகளைக் கருதி, உச்ச நீதிமன்றம் 1969-இலேயே மகாராஷ்டிர வழக்கொன்றில் இத்தகைய சாட்சியத்துக்கு மிகுந்த எடை தர மறுத்தது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில், நாய் யாரைக் காட்டுகிறது என்னும் சிக்கல் இன்னும் கூடுதல்: ஒரு பீஸ் கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் எனப் பல கைகள் மாறி வருவதால், அதை முகரக் கொடுத்தால் நாய்க்குக் கிடைப்பது பலருடைய வாசனையின் கலவை. ஆகையால், திருடன் விட்டுச் சென்ற துண்டையோ செருப்பையோ முதலில் காண்பவர் எடுத்து ஓரமாக வைக்காமல், நாய் வரும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்க விட வேண்டும்.