குடிநோய்: தவறான நம்பிக்கைகளும் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகளும்

• மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017: மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளும் ‘மனநோய்’ வரையறைக்குள் அடங்கும். “திமிர்ல குடிக்கிறான்” என்பது நம் தெருவின் வரையறை, விடைத்தாளில் எழுதாதீர்கள்.

• அரசமைப்பு உறுப்பு 47: மதுவிலக்கு. சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது 1937. டாஸ்மாக் நிறுவனம் 1983. சில்லறைக் கடைகள் அதன் கைக்கு வந்தது 2003. டாஸ்மாக்கின் இந்த இரண்டு ஆண்டுகளையும் மாற்றி எழுதுவோர் அதிகம்.

• “மூட்டை தூக்குறவன், லாரி ஓட்டுறவனுக்கு வர்ற வியாதி.” வடசென்னை டோல்கேட் என்று முகவரி சொன்னாலே இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் சென்னையின் பெருந்தொழில் குடும்பமான டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, 1980-இல் அவர் தொடங்கியதுதான் குடிநோய்க்கான டி.டி.கே. மருத்துவமனை. பத்மஸ்ரீ: 1992.

• “மாலை போட்டா தானா நின்னுடும்.” மன உறுதி நல்லதுதான். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும்; முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம்; இரண்டு, மூன்றாம் நாளில் இல்லாத பூச்சி ஊர்வதாகப் பிதற்றலாம். உயிரே போகலாம். இதைச் சாமி குத்தம் என்று கயிறு கட்டிக்கொண்டிராமல் ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

• “ஒரு குளுக்கோஸ் ஏத்தினா தெளிஞ்சிடுவான்.” வைட்டமின் பி1 (தயமின்) குறைந்தால் பெரிபெரி என்று மட்டும் மனப்பாடம் செய்கிறோம். குடிநோயாளிக்கு அதே குறை மூளையைத் தாக்கும், பெயர் வெர்னிக்கே. தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் அது மோசமாகலாம்.

• “குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்” என்று சுவரில் ஒட்டுகிறார்களே, அதை நம்பிச் சாம்பாரில் மாத்திரை கலப்பது ஆபத்து. அப்படிக் கலக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை உடலில் அசிட்டால்டிஹைடைத் தேங்க வைக்கும். விஷயம் தெரியாதவர் அதன்மேல் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு, சிலருக்கு மரணம்.

• “பீர் சரக்கே இல்ல.” கணக்குப் போடுங்கள். ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில்: 650 மி.லி. × 8% = 52 மி.லி. சாராயச் சத்து. குவார்ட்டர்: 180 × 42.8% = 77. ஸ்ட்ராங் பீர் இரண்டு அடித்தவர் குவார்ட்டரைத் தாண்டிவிட்டார்.

• “மையத்துல போட்டும் திரும்பக் குடிச்சிட்டான், இனி வேஸ்ட்.” சர்க்கரை ஏறினால் மறுபடி டாக்டரிடம் போகிறோம், இதற்கும் அப்படித்தான். நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரை, ஆலோசனை, ஏ.ஏ. எனும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் (தொடக்கம்: 1935, அமெரிக்கா) எல்லாம் வருடக்கணக்கில் தொடரும். உதவி எண் 14446, கட்டணமில்லை.