காலுக்கடியில் எத்தனை சதுர சென்டிமீட்டர்?

விங் ஃபாயிலிங் பழகுகிறவர்களின் கேள்விகளுக்குப் பயிற்சியாளர் பதில் சொல்கிறார். கையில் காற்றைப் பிடிக்கும் விங், காலுக்கடியில் போர்டு, போர்டின் அடியில் மாஸ்ட் என்னும் தண்டு, அதன் நுனியில் ஃபாயில் என்னும் நீரடிச் சிறகு: வேகம் கூடினால் சிறகு போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். இந்த முறை முக்கால்வாசிக் கடிதங்கள் ஃபாயில் அளவைப் பற்றியவை.

*

கேள்வி: என் எடை 82 கிலோ. போர்டில் நிற்கவும் விங்கைப் பிடிக்கவும் பழகிவிட்டேன். இனி சொந்தமாக வாங்க வேண்டும். எந்த ஃபாயில் வாங்கலாம்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: 1700 முதல் 1900 சதுர செ.மீ. வரை. ஆஸ்பெக்ட் ரேஷியோ (கணக்கு கீழே) 6-ஐத் தாண்ட வேண்டாம். மாஸ்ட் 75 செ.மீ. போதும். உங்கள் ஊரில் காற்றுக்குப் பஞ்சமில்லை, ஆகவே 1900-க்கு மேல் போகாதீர்கள். 20 நாட் காற்றில் அதை அழுத்திப் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் முழு செட்டாக வாங்குங்கள். ஒரு கம்பெனியின் முன்சிறகு, அதை மாஸ்டோடு இணைக்கும் இன்னொரு கம்பெனியின் கட்டையில் பெரும்பாலும் உட்காராது. விலை மலிவு என்று சிறகை மட்டும் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

*

கேள்வி: யூடியூபில் எல்லோரும் 700, 900 என்றுதான் ஓட்டுகிறார்கள். நேராக 900-இலேயே தொடங்கினால் காசு மிச்சம்தானே? எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நல்லது. அதுதான் தேவைப்படும்.

*

கேள்வி: நான் 49 கிலோ. பயிற்சியில் 2000 ஃபாயில் கொடுத்தார்கள். எழும்பிவிடுகிறேன். ஆனால் எழும்பியதும் போர்டு மேலும் கீழும் ஆடுகிறது, கடைசியில் முன்பக்கமாக விழுகிறேன். முன்கால் தொடை அப்படிக் கடுக்கிறது. எனக்கு பாலன்ஸ் வராது, விட்டுவிடு என்கிறார் பயிற்சியாளர்.
– வாசகி, புதுச்சேரி

பதில்: விடாதீர்கள் அம்மா. உங்கள் பாலன்ஸில் ஒரு குறையும் இல்லை. 80 கிலோ ஆளுக்கான ஃபாயிலை 49 கிலோ ஆளுக்கு மாட்டினால் இதுதான் நடக்கும். வேகம் கூடக் கூட அது மேலே ஏறப் பார்க்கும். அதை அமுக்கி வைப்பதிலேயே முன்காலின் பலமெல்லாம் போய்விடும். ஒரு நொடி கால் தளர்ந்தால் போதும், சிறகு தண்ணீர்ப் பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், காற்று புகும், தூக்கும் விசை சட்டென அறுந்துபோகும், போர்டு மூக்கு குப்புற விழும். நீங்கள் எழுதியிருப்பது இதை அப்படியே வரி வரியாகச் சொல்கிறது.

1200 அல்லது 1300 கேட்டு வாங்கி ஓட்டுங்கள். உடனே கிடைக்காவிட்டால், போர்டின் அடியில் மாஸ்டைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தி, மாஸ்டை ஒன்று, ஒன்றரை செ.மீ. பின்னுக்குத் தள்ளி முடுக்குங்கள். முன்காலின் பாரம் அன்றைக்கே குறைவது தெரியும். கம்பெனிகளின் அளவு அட்டவணைகள் பெரும்பாலும் 75, 80 கிலோ ஆளை நடுவில் வைத்துப் போட்டவை. பயிற்சிப் பள்ளிகளுக்கோ ஒரே செட்டை வைத்து வருகிறவர்களையெல்லாம் எழுப்பிவிட வேண்டும். அது அவர்கள் வசதி. அதற்காக ஒரு பெண்ணிடம் பாலன்ஸ் இல்லை என்று சொல்வதா?

*

கேள்வி: எடை 60 கிலோ. 1050 ஹை ஆஸ்பெக்ட் ஃபாயில் வைத்திருக்கிறேன். விங் 4, 5, 6 சதுர மீட்டர் என மூன்று இருக்கிறது. இங்கே மதியக் கடல்காற்று 12 நாட் வந்தாலே அதிகம். பாதி நாள் எழும்பவே முடியவில்லை. 7 மீட்டர் விங் வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: வாங்காதீர்கள். நான்காவது விங்குக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு ஃபாயில் வாங்குங்கள்.

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் இன்னொரு முறை சொல்கிறேன். விங் காற்றுக்கு, ஃபாயில் எடைக்கு. காற்று ஏறினாலோ இறங்கினாலோ கரைக்கு வந்து விங்கை மாற்றிக்கொள்கிறோம். ஃபாயிலை அப்படி யாரும் மாற்றுவதில்லை. ஈர மணலில் உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்ற ஒருவருக்கும் பொறுமை கிடையாது. காலையில் மாட்டியதோடுதான் மாலை வரை ஓட்டம். ஆகவே அது அன்றைய நல்ல காற்றுக்கு மட்டும் பொருந்தினால் போதாது, காற்று செத்துப்போகிற பத்து நிமிடத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. சிறகின் தூக்கும் விசை பரப்போடு நேராகவும், வேகத்தோடு வர்க்கமாகவும் ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. திருப்பிப் பாருங்கள்: பரப்பைப் பாதியாக்கினால், எழும்புவதற்குத் தேவையான வேகம் ஏறக்குறைய 1.4 மடங்கு ஆகிறது. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் எழும்பியவர் 17-ஐ எட்டியாக வேண்டும். பறக்க ஆரம்பித்த பிறகு 17 ஒரு பொருட்டே இல்லை. ஆனால் போர்டு தண்ணீரில் ஒட்டிக்கொண்டு இழுக்கும்போது அந்த ஐந்து கிலோமீட்டர் ஒரு மலை. 12 நாட் காற்றில் நீங்கள் ஏற முடியாமல் நிற்பது அந்த மலையின் அடிவாரத்தில்தான்.

7 மீட்டர் விங் அங்கே கை கொடுக்குமா? கனம் கூடும். 60 கிலோ ஆள் போர்டில் மண்டியிட்டுத் தூக்கும்போதே அதன் முனை தண்ணீரில் உரசும், தண்ணீர் பிடித்துக்கொண்டால் விங் கவிழும். எழும்புவதற்காக விங்கை விசிறி நாலு பம்ப் அடிப்பதற்குள் தோள் தளர்ந்துவிடும்.

இன்னொன்று. 1050 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். முனைக்கு முனை நீளத்தை அதே எண்ணால் பெருக்கி, பரப்பால் வகுத்தால் வருவதுதான் ஆஸ்பெக்ட் ரேஷியோ. 90 செ.மீ. நீளத்தில் 1350 சதுர செ.மீ. என்றால் 6. அதே 1350-ஐ 110 செ.மீ.க்கு இழுத்தால் 9. பரப்பு ஒன்றுதான், குணம் வேறு. 9 என்பது வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும், பம்ப் செய்தால் நன்றாகப் பதில் சொல்லும். ஆனால் எழும்ப அதற்கு வேகம் வேண்டும், வேகம் விழுந்தால் முன்னறிவிப்பில்லாமல் கைவிடும், திரும்பும்போது நீண்ட முனை தண்ணீருக்கு வெளியே வந்து சறுக்கும். 6 மந்தமானது, மன்னிக்கும் குணமும் அதற்குத்தான். போதாக்குறைக்கு, சில கம்பெனிகள் வளைந்த சிறகை விரித்து அளக்கின்றன, சில மேலிருந்து தெரியும் நிழலை அளக்கின்றன. ஒருவரின் 1300 இன்னொருவரின் 1200-ஆக இருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட சின்ன ஃபாயிலையே வாங்குவதற்குக் காரணம் வேறு. கரையில் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது போர்டைக் கவிழ்த்து வைத்தால், பக்கத்தில் வந்து சிறகின் அடியில் அச்சடித்த எண்ணைப் படிப்பது. “என்ன, இன்னும் 1500-லயா?” இப்படிக் கேட்கிற ஆசாமி மூன்று மணிக்குக் காற்று இறங்கியதும் நடுக்கடலில் போர்டின் மேல் உட்கார்ந்திருப்பார். 1500-காரர் அவரைச் சுற்றி வந்துகொண்டிருப்பார்.

சும்மா சிரிப்பதற்குச் சொல்லவில்லை. ராமேஸ்வரம் பக்கம் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமும், வாடைக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமும் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். பழக அருமையான இடம். தட்டையாகக் கிடப்பதற்குக் காரணமே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான். அங்கே எழும்ப முடியாதவர் நின்ற இடத்தில் நிற்பதில்லை, கரையை விட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறார். காற்று குறைந்த நேரத்தில் உங்களை வீட்டுக்குக் கொண்டுவருவது பெரிய ஃபாயில்.

உங்களுக்கு 1300 அல்லது 1400, ரேஷியோ 6-இலிருந்து 7-க்குள். உங்கள் 6 மீட்டர் விங்கிலேயே 12 நாட்டில் எழும்புவீர்கள். 1050-ஐ விற்றுவிடாதீர்கள், 18 நாட்டுக்கு மேல் வீசும் நாளில் அதுதான் சுகம்.

*

கேள்வி: இங்கே கடல் பல இடங்களில் இடுப்பளவுதான். சோளகக் காற்று நன்றாக வீசும். மாஸ்டைக் கட்டையாக்கினால் ஃபாயிலைப் பெரிதாக்க வேண்டுமா? கடற்புல்லும் சுற்றிக்கொள்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வேண்டாம். மாஸ்ட் நீளத்துக்கும் ஃபாயில் பரப்புக்கும் சம்பந்தமில்லை. 60 செ.மீ. மாஸ்ட் போடுங்கள், மார்பளவுத் தண்ணீருக்கு நடந்து போய்த் தொடங்குங்கள். இடுப்பளவில் விழுந்தால் அடி தரையில்தான். புல் சுற்றினால் வேகம் திடீரென இறங்கும். அதோடு மல்லுக்கட்டாமல் இறங்கி, போர்டைச் சாய்த்துக் கையால் எடுத்துவிட்டுப் போங்கள். வலை மிதப்புகளைக் கண்டால் சுற்றிப் போகவும். அந்த வலை ஒருவருடைய பிழைப்பு.

*

கேள்வி: எங்கள் ஊர் மேக்ஸ் மேடர் ஓட்டுவது எவ்வளவு மெல்லிய சிறகு! இங்கே காற்றும் குறைவு. அவரால் முடியும்போது நமக்கு மட்டும் ஏன் பெரிய ஃபாயில்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் வெண்கலம் வாங்கியவர் அவர். வாங்கியது கைட் போட்டியில். கைட்டை வானத்தில் சுழற்றினால் அதற்குத் தானாகவே ஒரு காற்று பிறக்கும், ஆளை அப்படியே மேலே இழுக்கும். உங்கள் கையில் இருக்கிற விங்குக்கு அந்த வித்தை தெரியாது. எடையை நீங்கள் எழுதவில்லை. 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஊர்க் காற்றுக்கு 1700.

*

கேள்வி: வேறு அளவு மாட்டலாம் என்று பார்த்தால் ஸ்க்ரூ அசையவே இல்லை. ஆறு மாதமாகக் கழற்றியதில்லை.
– வாசகர், மகாபலிபுரம்

பதில்: அப்படியானால் உங்களுக்கு அளவு பற்றிய குழப்பமே இல்லை. அலுமினியமும் ஸ்டீலும் உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து இரண்டும் பூட்டிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றி, சரியான பிட்டை அடிவரை தட்டி இறக்கி, நிதானமாகத் திருகிப் பாருங்கள். தலை வழுக்க ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்குத் தூக்கிப் போங்கள். இனிமேல் கடலிலிருந்து வந்ததும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

*

கேள்வி: மகனுக்கு 14 வயது, 42 கிலோ. வளருகிற பையன், பிறகும் உதவட்டும் என்று 1800 வாங்கலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: பள்ளிச் சீருடை தைக்கிற கணக்கு கடலில் செல்லாது ஐயா. 1100 பக்கம் வாங்குங்கள், வளர்ந்ததும் விற்றுவிடலாம். சிறிய அளவை வாங்குவதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது, மேலே சொன்ன காரணத்தால். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் அடிதாங்கும் கவசச் சட்டையும் எடுத்துக் கொடுங்கள்.

*

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடை, உங்கள் ஊர்க் காற்று, இப்போது வைத்திருக்கும் ஃபாயில், இந்த மூன்றும் இல்லாத கடிதங்களுக்கு அடுத்த மாதம் முதல் பதில் கிடையாது. எடையை உண்மையாக எழுதவும்.