ஆலயப் பாடகருக்கு அளந்த படி



தை பிறந்து கரிசல் காட்டில் அறுப்பும் பருத்தி எடுப்பும் தொடங்கிவிட்டால், கோவிற்பட்டிச் சுற்றுவட்டாரக் கோவில்களில் பாடற்குழு மெலிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். "பாட்டுக்காரர்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. இந்தச் சங்கடம் நேற்று முளைத்ததன்று. ஜெருசலேம் தேவாலயத்திலேயே வந்திருக்கிறது.

அந்த ஆலயத்துப் பாடகர் யாரென்று முதலில் அறிவோம். குறிப்பேடு முதல் நூல் 25-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். (சிலர் வீட்டு வேதாகமத்தில் அது நாளாகமம் என்றிருக்கும்.) தாவீது இராசா ஆசாபு, ஏமான், எதுத்தூன் என்னும் மூவரின் குடும்பங்களைப் பிரித்தெடுத்து, யாழ், சுரமண்டலம், கைத்தாளம் இவற்றோடு பாடும் ஊழியத்துக்கென்றே வைத்தார். தேர்ந்தவர்கள் 288 பேர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 பிரிவு. முறையைச் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தார்கள். பெரியவன் சிறியவன், குரு சீடன் என்ற வித்தியாசம் பார்க்கவில்லை. மைக்கை யார் பிடிப்பது என்று நம் குழுக்களில் நடக்கும் வழக்கை நினைத்தால், இந்தச் சீட்டு நமக்கும் உதவும் போலிருக்கிறது!

இவர்கள் இரவும் பகலும் ஊழியம் செய்தபடியால் வேறு வேலைகளினின்று விடுபட்டிருந்தார்கள் என்று அதே நூலின் 9-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. லேவி கோத்திரத்தாருக்கு மற்றக் கோத்திரங்களைப்போல் தனி நாடு பிரித்துக் கொடுக்கப்படவில்லை. மக்கள் கொண்டுவரும் பத்தில் ஒரு பாகமே அவர்களுக்குச் சோறு.

அந்தச் சோறு நின்றது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் நெகேமியா பாரசீக இராசாவிடம் போய்த் திரும்பி வந்து பார்க்கிறார்: படி அளக்கப்படவில்லை, பாடகரும் லேவியரும் அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள். பசித்தவன் வேறென்ன செய்வான்? அவர் யாரைக் கண்டித்தார் என்பதைக் கவனியுங்கள். பாடகரையன்று, அதிகாரிகளை! கடவுளின் இல்லத்தை ஏன் கைவிட்டீர்கள் என்று அவர்களைத்தான் கேட்டார். பிறகு பாடகரைத் திரும்ப அழைத்து அவரவர் இடத்தில் நிறுத்தினார். யூதா மக்கள் தானியமும் திராட்சை இரசமும் எண்ணெயும் கொண்டுவந்து பண்டசாலையில் சேர்த்தார்கள். அவற்றைப் பங்கிட்டுக் கொடுக்க நம்பிக்கையுள்ள ஆட்களும் நியமிக்கப்பட்டார்கள். நெகேமியா நூல் 13-ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம்.

ஆதரிப்பார் இருந்தால் இசை வாழும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. எட்டயபுரம் சமஸ்தானம் கைகொடுத்ததனாலன்றோ சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலை 1904-இல் அங்கே அச்சேற்ற முடிந்தது!

நம் பாடகரோ சமஸ்தான வித்துவான்கள் அல்லர். கூலிக்குப் போகிறவர்கள், தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவர்கள், படிக்கும் பிள்ளைகள். ஆயினும் அவர்கள் பூசையை அலங்கரிக்க வந்தவர்கள் என்று எண்ணவேண்டாம். பாடற்குழுவினர் செய்வது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறது. சனிக்கிழமைப் பயிற்சிக்கு வருகிறவருக்கு அரைநாள் கூலி போகிறது. பக்கத்துக் கிராமத்தாருக்குப் பஸ் செலவு வேறு. அறுப்பு முடியும்வரை பயிற்சியை இரவு எட்டு மணிக்கு வைத்து, வந்தவர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடும் போட்டு, வீட்டில் கொண்டுபோய் விடலாமா என்று நம் பங்குப் பேரவையில் யாராவது கேட்டதுண்டா?